ஒரு விரல் காற்று

கண்ணு,

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து வஞ்சிரக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாய். நான் நலம் என்று எழுதினால் அது பொய். முட்டி வலி, இருமல், படுத்தால் தூக்கம் வருவதில்லை. நீ கேளம்பாக்கத்து பிளாட்டில், நான் முட்டுக்காட்டில், நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ தூரம். இதற்கு ஒரு கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் குழம்பு ஊற்றட்டுமா என்றுதான் வந்தது. எட்டாவது வரை படித்த எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் முழுதாகப் படி. போனில் படிக்கிற மாதிரி பாதியில் தள்ளிவிட்டுப் போகாதே.

அன்றைக்கு நீ கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாய். மஞ்சள் அட்டை, நன்றாகத்தான் இருந்தது. தாய்மாமன் என்று போட்டு உன் மாமா பேர் இருந்த வரியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாய். "இவர் பேரு வேணாம்மா. ஊரப்பாக்கத்துல பொண்ணு வூட்டுல யாரு இவருன்னு விசாரிச்சா இன்னா சொல்றது? ஒரு ஆளோட காலை வேக வெச்சவருன்னா?" என்றாய். மணவறையில் நெற்றியில் பட்டம் கட்ட வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். நான் கரண்டியோடு நின்றேன். நீ போன பிறகு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளுடைய காலை வேக வைத்தது உன் மாமா இல்லை, கண்ணு. நான். பத்து வருஷத்துக்கு மேலாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு உனக்குச் சோறு போட்டிருக்கிறேன். இனிமேல் முடியாது, அலுத்துவிட்டது.

முதலில் இருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். உங்கப்பா கல்குவாரியில் லாரியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது உனக்கு நாலு வயசு. செங்கல்பட்டுப் பக்கத்தில் என் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அங்கே திரும்பிப் போய் நானும் சேற்றில் இறங்க வேண்டியதுதான் என்று இருந்தேன். அப்போது உன் மாமாதான் வந்து நின்றான். என்னைவிட ஐந்து வயசு சின்னவன். மீசை சரியாக முளைக்கவில்லை. முட்டுக்காட்டில் ஃபைபர் போட்டு, மீன்பிடிப் படகு, செய்கிற ஷெட்டில் வேலையில் இருந்தான். "அக்கா, ஒட்டுற வேலைதான். கோலம் போடுற கை, ஒரு வாரத்துல வந்துடும். நீ வா, நான் கீறேன்" என்றான். உன்னை இடுப்பிலும் ஒரு டிரங்குப் பெட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்துவந்தேன். இந்த வீடு, நீ படித்த படிப்பு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நீ போகிற ஆபீஸ், எல்லாம் அந்த நடையில் தொடங்கியது.

ஷெட் வேலையை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் கவனித்திருக்க மாட்டாய். அச்சுக்கு மெழுகு தேய்ப்போம், அப்போதுதான் செய்தது ஒட்டாமல் கழன்று வரும். அதன் மேல் வர்ணப் பூச்சு. பிறகு கண்ணாடி நாரில் செய்த மேட் என்கிற விரிப்பை விரித்து, இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்த ரெசின் பசையை ஊற்றி, இரும்பு ரோலரால் உருட்ட வேண்டும். உருட்டுவது எதற்கென்றால் காற்றை வெளியேற்ற. ஒரு குமிழி உள்ளே நின்றாலும் போச்சு, கடலில் அலை அடிக்கிற அடியில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். எங்கள் முதலாளி காய்ந்த போட்டை நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த இடத்தை ஒட்டியவள் வெட்டி எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். "காத்து கடலுக்கு மேல இருக்கட்டும், போட்டுக்குள்ள வேணாம்" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வார். நான் ஒட்டிய போட்டில் அவர் வட்டம் போட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன். இடுக்கு தெரிந்தால் என் கை தானாக அடைக்கப் போகும்.

நீ எட்டாவது படிக்கும்போது மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும், நல்ல மாதிரியாகப் பேசுவார், எங்களையும் வாங்க போங்க என்பார். ஒரு பழைய காரின் மேல்கூட்டை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் அடிச்சட்டமும் எஞ்சினுமாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இதற்குத் தாழ்வாக, இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஃபைபரில் உடம்பு செய்து தர வேண்டும் என்றார். போட்டு செய்கிறவர்களுக்குக் காரா என்று எல்லாரும் சிரித்தோம். உன் மாமா சிரிக்கவில்லை. அந்த வண்டியை நாலு தடவை சுற்றி வந்தான், கீழே படுத்துப் பார்த்தான். கவிழ்த்துப் போட்ட போட்டு மாதிரிதான் அச்சு எடுத்தோம். வந்தது பார், சிவப்பில், அவ்வளவு அழகு. நீகூடப் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். என் மாமா செய்த கார் என்று தெருவெல்லாம் சொன்னாய். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

தொல்லை சைலென்சர் குழாயில் வந்தது. அது எஞ்சினிலிருந்து இறங்கி, ஓட்டுகிறவர் காலுக்குப் பக்கத்தில், கார் உடம்பின் உள்பக்கத்தை ஒட்டியபடி பின்னால் போகும். முதல் தடவை எஞ்சினை ஓடவிட்ட கால் மணி நேரத்தில் ரெசின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. உள்ளே பார்த்தால் ஃபைபர் பழுப்பேறி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. முதலாளி, இன்னும் மூன்று மேட் போட்டுத் தடிமனாக்கு என்றார். உன் மாமா, தடிமனாக்கினால் கொஞ்சம் மெதுவாக வேகும், அவ்வளவுதான் சார் என்றான். பிறகு கல்நார் தகட்டை அப்படியே ஃபைபரின் மேல் ஒட்டிப் பார்த்தான். அப்போதுதான் அவன் மெழுகு வைத்துப் பார்க்கத் தொடங்கினான். அச்சுக்குத் தேய்க்கிற மெழுகைத் துவரம்பருப்பு அளவுக்குக் கிள்ளி, குழாய்க்கு எதிரே ஃபைபரின் வெளிப்பக்கத்தில் வரிசையாக வைப்பான். எஞ்சினை ஓடவிடுவான். மெழுகு உருகி வழிந்தால் அந்த இடம் ஆகாது. ஒட்டிய தகட்டுக்கு எல்லா மெழுகும் வழிந்துவிட்டது.

பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் குழாய்க்குச் சூடு தாங்குகிற துணிப்பட்டையைச் சுற்றினான். அலுமினியத் தகடு ஒன்றை வளைத்து, புஷ் என்கிற சின்னச் சின்ன இரும்பு உருளைகளை நடுவில் வைத்து, ஃபைபரைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிறுத்தினான். இரண்டு முனையும் திறந்தபடி. முன்னால் நுழைகிற காற்று அந்த இடுக்கு வழியாகப் பின்னால் போய்விட வேண்டும். அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. மெழுகு வைத்தது வைத்தபடி நின்றது. என்னைக் கூப்பிட்டு, "அக்கா, கை வெச்சுப் பாரு" என்றான். வைத்தேன். காலை வெயில் பட்ட சுவர் மாதிரி இளஞ்சூடு, அவ்வளவுதான். "இன்னாடா பண்ண?" என்றேன். "நான் ஒண்ணும் பண்லக்கா. காத்துதான் வேலை செய்யுது. அது பாட்டுக்கு வந்து சூட்டைத் தூக்கினு போய்க்கினே கீது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை, கண்ணு. முடிக்க வேண்டிய இரண்டு போட்டு என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. தம்பிதானே, அவனிடம் என்ன வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியை ஒப்படைக்க ஒரே ஒரு நாள் இருக்கும்போதுதான் நீ சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாய். எனக்கு ஷெட்டை விட்டு நகர முடியவில்லை, இருக்கிற வேலை அப்படி. உன் மாமாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறி செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு நாள் உன்னோடு தாழ்வாரத்தில் கிடந்தான். உன் மாவுக்கட்டு மேல் பேனாவால் கார் வரைந்து கொடுத்தான் என்று நீதான் என்னிடம் காட்டினாய்.

மறுநாள் காலையில் முதலாளி காரைப் பார்க்க வந்தார். வழக்கம்போல நகத்தால் ஓரமெல்லாம் தடவிக்கொண்டே போனவர், அந்த அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் விரல் நுழைந்ததும் நின்றுவிட்டார். "இன்னா இது? வாயைப் பொளந்துகினு கீது? கஸ்டமர் பார்த்தா காறித் துப்புவான். இத்தனை வருஷத்துல இன்னா வேலை கத்துக்கினான் உன் தம்பி?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனைச் சொன்னது என்னை அறைந்த மாதிரி இருந்தது. அவசரத்தில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், வேலையை முடிக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது நான் இல்லையா? மேட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். ரெசினில் தோய்த்து அந்த இடுக்கில் முழுக்கத் திணித்தேன். ஒரு குமிழி இல்லாமல் குச்சியால் குத்திக் குத்தி அமுக்கினேன். இரண்டு முனையையும் மேலே இரண்டு மேட் போட்டு மூடி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து வர்ணம் பூசினேன். மதியம் முதலாளி வந்து நகத்தால் தடவினார். நகம் எங்கேயும் நிற்கவில்லை. "இதான் ஃபினிஷிங். உன் தம்பியை உன்கிட்ட வந்து கத்துக்கச் சொல்லு" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் உன் மாமா செங்கல்பட்டிலிருந்து ஷெட்டுக்குப் போன் போட்டான். "பையன் நல்லா கீறான், கட்டுப் போட்டாச்சு. காரு போய்ட்ச்சா?" என்று கேட்டான். இப்போதுதான் எடுத்துக்கொண்டு போனார் என்றேன். "எல்லாம் சரியாத்தானே கீது?" என்றான். சரியாக இருக்கிறது என்றேன். இடுக்கை அடைத்ததைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் அவன் விட்ட குறையைக் குத்திக்காட்டிய மாதிரி ஆகுமே, ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாமல் கிடக்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அங்கிருந்தே அலறியிருப்பான். மெட்ராஸுக்குப் போன் போட்டு வண்டியை நிறுத்தியிருக்கலாம்.

மறுநாளே அந்த மனிதர் காரை எடுத்துக்கொண்டு மகாபலிபுரத்துக்குப் போயிருக்கிறார். முட்டுக்காட்டுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காலுக்குப் பக்கத்தில் புகை வந்திருக்கிறது. நிறுத்துவதற்குள் பிடித்துக்கொண்டது. இளநீர் விற்கிறவர்கள் ஓடிவந்து மண்ணை வாரிப் போட்டு ஆளை இழுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வலது கால், முழங்காலுக்குக் கீழே, பார்க்க முடியாது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். இப்போதும் அவர் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

நீயும் மாமாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "சூட்டு வேலை செஞ்சது யாரு?" என்றார். உன் மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நான்தான் சார்" என்றான். "பூடு. இனிமே இந்தப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது" என்றார். அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனான். எரிந்த வண்டியைக்கூட அவன் கண்ணால் பார்க்கவில்லை, அது அப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. போகிறபோது என்னைப் பார்த்து, "நீ வேலையைப் பாருக்கா" என்றான். நான் கையில் ரோலரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெசின் அதிலேயே இறுகிவிட்டது. அந்த ரோலரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் எரிந்த கூட்டை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அறுத்துக் குப்பையில் போடச் சொல்லி முதலாளி என்னிடம்தான் கொடுத்தார். ரெசின் எரியும், கண்ணாடி நார் எரியாது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் நான் திணித்த கீற்றுகள் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து நாள் அவன் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த காற்று போகிற வழியை நான் அரை நாளில் அடைத்திருக்கிறேன். சூடு போக வழியில்லாமல் உள்ளேயே நின்று எல்லாவற்றையும் வேக வைத்திருக்கிறது. ஃபினிஷிங் என்று மெச்சிய முதலாளிக்கு அது தோன்றவே இல்லை. அந்தத் துண்டை மட்டும் தனியாக அறுத்துச் சாக்கில் போட்டு, ஷெட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்தேன். அடைத்தது தெரியாமல் செய்தது. புதைத்தது தெரிந்து செய்தது. முதல் தப்பை யாராவது மன்னிக்கலாம். இரண்டாவதை நானே மன்னிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம்தான். சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார்கள், உன்னை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு மாதம் போகட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மாதம் போனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அது என்னை எப்படித் தின்றது என்று எழுதி உன்னிடம் இரக்கம் வாங்க விரும்பவில்லை. தின்றது அவனைத்தான்.

ஏனென்றால் உன் மாமா பழியை மட்டும் சுமக்கவில்லை. தன் வேலைதான் தப்பு என்று நம்பிவிட்டான். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து உட்காருவான், சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பேச்சை எடுப்பான். "ரெண்டு விரல் வுட்டிருக்கணும்க்கா. நின்ன வண்டியில மெழுகு நின்னுது, ஓடற வண்டியில காத்து வேற மாதிரி திரும்பியிருக்கும். அதை நான் யோசிக்கல" என்பான். பாயில் விரலால் படம் போட்டுக் காட்டுவான். நான் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். சுனாமிக்குப் பிறகு போட்டு ஆர்டர் குவிந்தபோது ஒரு புது ஷெட்டில் அவனை மேஸ்திரியாக வா என்று கூப்பிட்டார்கள். "யாராவது சொன்னா செய்றேன். நானா யோசிச்சு ஒண்ணும் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். எதை எடுத்தாலும் நாலு தடவை சுற்றிப் பார்க்கிற ஆள் அவன். இப்போது மகாபலிபுரம் கடற்கரையில் உடைந்த போட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். எஞ்சின் பக்கத்து ஒட்டு என்றால் வேறு ஆளைக் கை காட்டுவான்.

நீயும் மாறிவிட்டாய். அதற்கும் நான்தான் காரணம். பத்தாவது படிக்கும்போது ஒரு பொங்கலன்று மாமா கற்பூரம் ஏற்ற வந்தான், "மாமா, நீ தொடாத, வூடு எரிஞ்சிடும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தீப்பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். உன்னை அப்போதே நான் அறைந்திருக்க வேண்டும். அறைய எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

கல்யாணத்துக்கு அம்மா ஏதோ புத்தி சொல்லப் போகிறாள் என்று காத்திருப்பாய். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும் என்று முடிப்பாள் என்று நினைத்தால், அந்த மாதிரி சாமர்த்தியம் எனக்கு வராது. அதைச் சொல்ல மண்டபத்துக்கு நாலு பேர் வருவார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பெண் வீட்டில் எதையாவது உனக்குப் புரியாத மாதிரி செய்து வைத்திருப்பாள். பாத்திரத்தை ஒரு மாதிரி கவிழ்த்து வைப்பாள், கதவை ஒரு மாதிரி சாத்துவாள், அவள் அம்மாவிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விடுவாள். உனக்கு அது அரைகுறையாகத் தெரியும். உடனே கையை நீட்டிச் சரி பண்ணாதே. ஏன் இப்படி வைத்தாய் என்று கேள். புரியவில்லை என்றால் தலையாட்டாதே, இன்னொரு தடவை கேள். நீ என் பிள்ளை, உனக்கும் இடுக்கைக் கண்டால் அடைக்கிற கைதான் இருக்கும்.

புதன்கிழமை நான் மகாபலிபுரம் போனேன். உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. பஸ் கார் எரிந்த இடத்தைத் தாண்டும்போது வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வேன், அன்று மூடவில்லை. அவன் மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு போட்டின் அடியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. "இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? பையனுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். முதலில் உன்னைத்தான் கேட்டான். எனக்கு டீ வாங்கிவர எழுந்தான். உட்காருடா என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திணித்தது, மூடியது, போனில் சொல்லாமல் விட்டது, புதைத்தது. எதையும் விடவில்லை.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு, "ரெண்டு முனையுமா அடைச்ச?" என்று கேட்டான்.

"ஆமாண்டா."

"உள்ள முழுக்கவா?"

"முழுக்க."

ரெசின் ஒட்டிய தன் ஆள்காட்டி விரலைக் கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்து அதையே பார்த்தான். "அப்போ ஒரு விரல் போதும்தானே?" என்றான். என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் நான், "போதும்டா. நீ வெச்சது சரிதான்" என்றேன். அவன் உதடு கோணியது. முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, நாலு மீன்காரர்கள் பார்க்கப் போட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நான் தோளைத் தொடப் போனேன். தட்டிவிட்டான். "நீ போக்கா. இப்போ போய்டு" என்றான். கல்யாணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வந்துவிட்டேன்.

அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. வரவில்லை என்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மெட்ராஸ்காரரிடமும் போய்ச் சொல்ல வேண்டும், விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது என் வேலை, நீ அதில் வராதே. உனக்கு ஒரு வேலைதான். அச்சகத்துக்குப் போன் போட்டு, நீ கோடு போட்டு அடித்த வரியை அப்படியே போடச் சொல். முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போ. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. காலில் விழு. கற்பூரம் ஏற்ற விடாமல் தடுத்ததற்காக விழு. உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன்னைவிடப் பெரிதாக அழுதவன் அவன். செங்கல்பட்டில் இரண்டு நாள் உன் கட்டுப் போட்ட கையைத் தன் நெஞ்சின் மேல் தாங்கிக்கொண்டு கிடந்தவன்.

பட்டம் கட்ட வேறு யாரையும் ஏற்பாடு பண்ணாதே. பெரியப்பா பிள்ளை, பங்காளி, யாரும் வேண்டாம். முகூர்த்த நேரம் வந்தும் அவன் வரவில்லை என்றால் உன் நெற்றி வெறுமையாகவே இருக்கட்டும். பொண்ணு வீட்டார் கேட்பார்கள், ஐயர் கேட்பார், தாய்மாமன் எங்கே என்று மண்டபமே கேட்கும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கம்மாவைக் கேளுங்கள் என்று என் பக்கம் கையைக் காட்டு. அன்றைக்கு வரிசையில் நின்று வாயை மூடிக்கொண்டவள், இந்தத் தடவை எழுந்து நின்று சொல்கிறேன்.

அம்மா